செத்தவருக்குச் சிலிப் வந்தது: பட்டியலில் இருந்து போன ஒரு பெயர் திரும்பி வந்த விதம்

சேரன்மகாதேவி பக்கம், தாமிரபரணியை ஒட்டிய ஒரு ஊர் எங்களுடையது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஜெராக்ஸும் டைப்பிங்கும் செய்கிற கடை வைத்திருக்கிறேன். ஓட்டு சம்பந்தமாக யார் வந்தாலும் படிவம் எழுதிக் கொடுப்பேன், அதற்குக் காசு வாங்குவதில்லை. 2021இல் தொடங்கி 2025 டிசம்பர் வரை ஒரே குடும்பத்தில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், தெரு வேண்டாம் என்றார்கள், அதனால் போடவில்லை. ஒரே வீட்டில் இத்தனை சிக்கலும் ஒன்றாக வந்தது என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். தனித்தனியாகப் பார்த்தால் இவை எல்லாமே எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிற விஷயம்.

குடும்பம்

அக்காவுக்கு வயது ஐம்பதை ஒட்டி. பீடி சுற்றுகிறார். கணவர் சென்னையில் மளிகைக் கடை ஒன்றில் வேலை, கடை மாடியிலேயே தங்கல். மாமியாரை ஊரே ஆச்சி என்றுதான் கூப்பிடும், 2024இல் அவருக்கு 86. மகளைக் களக்காடு பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மகன் பாளையங்கோட்டையில் காலேஜ், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான்.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் சட்டமன்றத் தொகுதி, எண் 225. மகள் போன ஊர் நாங்குநேரி, எண் 227. பார்லிமெண்டுக்கு இரண்டும் திருநெல்வேலித் தொகுதிக்குள்தான் வருகின்றன. ஆனால் வாக்காளர் பட்டியல் சட்டமன்றத் தொகுதிவாரியாக, அதற்குள் பாகம் பாகமாகத்தான் இருக்கும். இது பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2021 ஏப்ரல் 6

சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தின வாரம் பூத் சிலிப் கொடுத்தார்கள். ஆச்சிக்கு வந்தது, கணவருக்கு வந்தது, அக்காவுக்கு மட்டும் வரவில்லை. "விட்டுப்போயிருக்கும், கார்டுதான் கையில இருக்குல்லா" என்று அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே நாளில் நாலு வீடு தள்ளி, ஒன்பது மாதத்துக்கு முன்னால் இறந்துபோன ஒரு பெண்ணுக்குச் சிலிப் வந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே பெயர். எங்கள் பக்கம் இசக்கியம்மாள் என்றோ பேச்சியம்மாள் என்றோ தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அந்த மாதிரி ஒரு பெயர். இந்தச் சிலிப்பும் அந்தச் சிலிப்பும் சம்பந்தப்பட்டவை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். இறந்தவர் வீட்டுக்குச் சிலிப் போன சேதி அன்றைக்கே என் காதுக்கு வந்தது, நான் கேட்டுவிட்டு விட்டுவிட்டேன்.

கொரோனா நேரம் அது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூட வாசலில் காய்ச்சல் பார்த்து, சானிடைசர் ஊற்றி, ஒரு கைக்குப் பிளாஸ்டிக் உறை கொடுத்து உள்ளே விட்டார்கள். அக்கா உறையை மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று மேஜைக்குப் போனார். முதல் அலுவலர் பட்டியலை இரண்டு தடவை புரட்டிவிட்டு "இந்தக் கார்டு நம்பர் இல்லம்மா" என்றார். கூட நின்ற கொழுந்தன் மகன் போனை எடுத்து, பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவில் சேலஞ்ச் ஓட்டுப் போடலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டிச் சத்தம் போட்டான்.

அந்தச் செய்தி பொய். தேர்தலுக்குத் தேர்தல் தலைகாட்டும். 49ஏ என்கிற விதி ஓட்டு எந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்வது. சேலஞ்ச் என்பது, வந்திருப்பவர் அந்தப் பெயருக்குரிய ஆள்தானா என்று ஒரு கட்சியின் பூத் ஏஜெண்ட் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது, நாம் கேட்டு வாங்குகிற ஓட்டு அல்ல. டெண்டர் ஓட்டு என்று ஒன்று உண்டு, அது 49பி (ஆங்கில P). நம் பெயர் பட்டியலில் இருந்து, நமக்கு முன்னால் வேறு யாரோ வந்து நம் ஓட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தால் நமக்குத் தாள் வாக்குச்சீட்டு தருவார்கள். இரண்டுக்கும் அடிப்படை, பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். பெயரே இல்லை என்றால் அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் இதைப் பொறுமையாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அக்கா உறையைக் கழற்றி வாசலில் இருந்த தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். 18 வயதிலிருந்து ஒரு தேர்தல் விட்டதில்லை என்பார். அன்று சாயங்காலம் தெருவில் எல்லாரும் விரலைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் வெளியே வரவில்லை என்று மகன் பின்னால் சொன்னான்.

அடுத்த இரண்டரை வருடம்

இந்தக் காலத்தைத்தான் வீணாக்கினோம். ஊரில் ஒரு கட்சிக்காரர் "நான் பாத்துக்கிடுதேன்" என்று கார்டின் ஜெராக்ஸை வாங்கிப் போனார். எந்தப் படிவமும் எழுதவில்லை, எந்த ஒப்புகைச் சீட்டும் வரவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அவருக்கு நூறு வேலை. ஆனால் கேட்கும்போதெல்லாம் "கொடுத்தாச்சு" என்ற பதில் வந்துகொண்டே இருந்தது.

அதற்குள் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டது. அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், வேறு அமைப்பு. ஆனால் சட்டமன்றப் பட்டியலை எடுத்து வார்டு வார்டாகப் பிரித்துத்தான் அவர்களும் பட்டியல் போடுகிறார்கள். அங்கே இல்லாத பெயர் இங்கேயும் இல்லை. சட்டமன்ற ஓட்டுப் போனதைவிட இதுதான் அவருக்கு வலித்தது. தெருவுக்குக் குழாயும் வாறுகாலும் யார் கையில் இருக்கிறது என்பதை முடிவு செய்கிற ஓட்டு அது. நின்றவர்களில் ஒருத்தி அவரோடு கூடப் படித்தவள்.

2023 நவம்பர்: என்ன கண்டோம்

அந்த வருடம் அக்டோபர் 27இல் வரைவுப் பட்டியல் வந்தது. நவம்பர் 4, 5 சனி ஞாயிறு வாக்குச்சாவடிகளிலேயே சிறப்பு முகாம். முகாமுக்கு முந்தின நாள், மகனுக்குப் புது ஓட்டுச் சேர்க்க என்ன வேண்டும் என்று கேட்கத்தான் அக்கா கடைக்கு வந்தார். பேச்சுவாக்கில்தான் தன் கதையைச் சொன்னார். "நம்ம கதைதான் முடிஞ்சிட்டு தம்பி, இவனுக்காவது சேர்த்து வையி."

கார்டு எண்ணைப் போட்டு இணையத்தில் தேடினேன், ஒன்றும் வரவில்லை. பெயரைப் போட்டுத் தேடினால் எங்கள் பாகத்திலேயே அதே பெயரில் மூன்று பேர் வந்தார்கள், மூவரும் அவர் இல்லை. அதில் ஒருவர் 2020இல் இறந்துபோனவர்.

ஏன் நீக்கினார்கள் என்று தெரியாமல் படிவம் எழுத எனக்கு மனமில்லை. பழைய பட்டியல் வேண்டும். முப்பது வருடமாகப் பூத் ஏஜெண்டாக உட்கார்கிற ஒரு அண்ணாச்சி வீட்டுப் பரணில் 2021 பட்டியல் இருந்தது. தூசி தட்டி விரித்தோம். அக்காவின் கட்டத்தின் மேல் குறுக்கே நீக்கப்பட்டது என்று முத்திரை. பின்னால் இருக்கிற துணைப் பட்டியலில் நீக்கங்களுக்கு எதிரே ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்து போட்டிருப்பார்கள், ஈ என்றால் இறப்பு, எஸ் என்றால் இடமாற்றம், ஆர் என்றால் இரட்டைப் பதிவு. அக்காவுக்கு எதிரே ஈ.

பிறகு இரண்டு கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே பெயர். கணவர் பெயர் வேறு வேறு. வயதில் மூன்று வருட வித்தியாசம். வீட்டு எண் ஒன்று 3/14, இன்னொன்று 3/41. அவ்வளவுதான். இறந்தவரை நீக்கப் போன இடத்தில் எண் புரண்டுவிட்டது. உயிரோடு இருப்பவர் போனார், இறந்தவர் மூன்று வருடமாகப் பட்டியலில் இருந்துகொண்டே இருந்தார். நீக்குவதற்கு முன்னால் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது, இவர்களுக்கு எதுவும் வரவில்லை என்றார்கள்.

அக்கா பட்டியலை வாங்கி அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். புகையிலைத் தூள் ஏறிப் பழுப்பாகிப்போன விரல். "அப்போ நான் செத்துட்டேன்னுதான் எழுதியிருக்காவளா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அன்றைக்கு அதே கையோடு வீட்டில் உள்ள மற்றவர்களையும் பார்த்தேன். மகளுக்கு இரண்டு இடத்தில் ஓட்டு இருந்தது, இங்கேயும் களக்காடு பக்கமும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் கேள்வி, படிவம் 6ஆ 8ஆ. அக்காவின் பழைய கார்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் 8 என்றார்கள், திருத்தம்தானே என்று. 8 என்பது பட்டியலில் இருக்கிற பெயருக்கு. முகவரி மாற்றம், எழுத்துப்பிழை, தொலைந்த கார்டுக்கு மாற்றுக் கார்டு எல்லாம் 2022 ஆகஸ்டிலிருந்து அந்த ஒரே படிவத்தில்தான். இவர் பட்டியலிலேயே இல்லை. நீக்கத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 15 நாள் அவகாசம் உண்டு, அது எப்போதோ போய்விட்டது. அதனால் 6, புது வாக்காளர் போல. ஐம்பது வயதில் புது வாக்காளரா என்று விசாரிப்பார்கள் என்று தெரியும். அதற்காக 2021 பட்டியலின் அந்த இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, நடந்ததை அரைப் பக்கத்தில் எழுதி, பழைய கார்டு நகலோடு சேர்த்து வைத்தோம். வயதுக்கும் முகவரிக்கும் ஆதார். ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தது, பிறப்புச் சான்றிதழ் இல்லாத தலைமுறைக்கு எல்லாருக்கும் அப்படித்தான், பிரச்சினை ஆகவில்லை.

இரண்டாவது, இறந்தவரின் பெயர். படிவம் 7 கொடுத்து நீக்க வேண்டும். இதை ஏன் நாம் செய்ய வேண்டும், அவர்கள் பாடு என்று அக்காவின் கொழுந்தன் சொன்னார். எனக்குப் பயம் வேறு. அந்தப் பெயர் அங்கேயே இருந்தால் நாளைக்கு யாரோ ஒருவர் இறந்தவரை நீக்கச் சொல்லிப் புகார் கொடுப்பார், மறுபடியும் எண் புரளும், மறுபடியும் அக்கா போவார். அதனால் இரண்டு படிவமும் ஒரே நாளில், ஒரே ஆள் கையில் போக வேண்டும் என்று முடிவு செய்தோம். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. படிவம் 7 கொடுப்பவர் அந்தத் தொகுதிப் பட்டியலில் இருக்கிற வாக்காளராக இருக்க வேண்டும். அக்கா பட்டியலில் இல்லை, அவரால் கையெழுத்துப் போட முடியாது.

இறந்தவரின் மகனிடம் போனேன். அவர் உடனே சம்மதிக்கவில்லை. "ரேஷன் கார்டுல எடுத்தாச்சு, பேங்க்ல எடுத்தாச்சு, அம்மா பேரு அதுலயாவது இருந்துட்டுப் போட்டுமே" என்றார். அதற்கு மேல் பேச எனக்கு வார்த்தை வரவில்லை, திரும்பிவிட்டேன். ராத்திரி அக்காவே போய்ப் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பையன் இறப்புச் சான்றிதழ் நகலோடு முகாமுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கணவர் பெயர், வீட்டு எண், கார்டு எண் மூன்றையும் தெளிவாக எழுதி, இதே பெயருள்ள இன்னொருவர் உயிரோடு இருக்கிறார் என்று ஓரத்தில் ஒரு வரி சேர்த்தோம்.

மகள் விஷயம் சுருக்கம். கல்யாணம் ஆனதும் மாமியார் வீட்டில் நல்லெண்ணத்தில் படிவம் 6 கொடுத்துப் புதிதாகச் சேர்த்துவிட்டார்கள், இங்கே இருந்த பெயர் அப்படியே நின்றது. 8 கொடுத்திருந்தால் பெயர் தானே மாறிப் போயிருக்கும். ஒருவர் ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும். வேறெங்கும் பெயர் இல்லை என்று 6இல் கொடுக்கிற உறுதிமொழி பொய்யானால் ஒரு வருடம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். அறியாமல் செய்ததுதான், ஆனால் தெரிந்த பிறகு சும்மா இருக்கக் கூடாது. இங்கே இருந்த பெயரை நீக்க அவளே படிவம் 7 கொடுத்தாள்.

கணவர் ஓட்டைச் சென்னைக்கு மாற்றலாமா என்றும் பேசினோம். வழக்கமாகக் குடியிருக்கிற இடத்தில்தான் பதிவு என்பது சட்டம், தற்காலிகமாக வெளியே இருப்பதால் மட்டும் அந்தக் குடியிருப்பு போய்விடாது என்பதும் சட்டம்தான். வீடு, ரேஷன் கார்டு, குடும்பம் எல்லாம் இங்கே. அங்கே கடை மாடியில் பாய் விரிக்கிற இடம் மட்டும். அவர் ஊரிலேயே இருக்கட்டும் என்றார், அது சரியென்றே எனக்கும் பட்டது. அங்கேயே வீடு எடுத்துக் குடும்பத்தோடு போயிருந்தால் மாற்றத்தான் சொல்லியிருப்பேன்.

மகனுக்கு அந்த செப்டம்பரில் 18 முடிந்திருந்தது. முன்னாளில் ஜனவரி 1 ஒன்றுதான் கணக்கு. இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நாலு தேதி, 17 முடிந்தாலே முன்கூட்டி மனுக் கொடுத்துவிடலாம். ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைகள் ஹாஸ்டல் முகவரியிலும் சேரலாம், வீட்டு முகவரியிலும் சேரலாம். அவன் வீட்டு முகவரியில், தன் போனிலேயே மனுப் போட்டான்.

வெள்ளமும் ஒரு நிராகரிப்பும்

டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையையும் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தையும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்காவின் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பீடி இலையும் தூளும் போனது ஒரு பக்கம், காகிதமெல்லாம் வைத்திருந்த தகரப் பெட்டி நனைந்து ஒப்புகைச் சீட்டு கூழாகிவிட்டது. முகாமன்றே நான் அதைப் போனில் படம் பிடித்து வைத்திருந்ததால் எண் கையில் இருந்தது. அந்த எண் இருந்தால் மனு எந்த நிலையில் இருக்கிறது, களச் சரிபார்ப்பு முடிந்ததா, ஏற்றார்களா தள்ளினார்களா என்று யாரையும் கேட்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

இறுதிப் பட்டியல் ஜனவரி 5இல் வருவதாக இருந்தது, 22ஆம் தேதிதான் வந்தது. அக்கா பெயர் ஏறியிருந்தது. இறந்தவர் பெயரும் மகளின் பழைய பெயரும் போயிருந்தன. பிப்ரவரியில் தபாலில் புது எண்ணோடு புதுக் கார்டு வந்தது.

மகனின் மனு நிராகரிப்பு. காரணம், வீடு பூட்டியிருந்தது, மனுதாரர் இல்லை. பி.எல்.ஓ., அதாவது மனுக்களை வீட்டுக்கு வந்து சரிபார்க்கிற வாக்குச்சாவடி நிலை அலுவலர், வந்த நேரம் அக்கா சுற்றிய பீடியைக் கம்பெனியில் கொடுக்கப் போயிருக்கிறார், ஆச்சிக்குக் காது கேட்காது, கதவு சாத்தியிருந்தது. பி.எல்.ஓ.வைக் குற்றம் சொல்ல மாட்டேன். அங்கன்வாடி வேலையும் பார்த்துக்கொண்டு நானூறு ஐந்நூறு வீடு ஏறி இறங்குகிற பெண் அவர். பையன் மனுப் போட்டதோடு மறந்துவிட்டான், நிலையைப் பார்க்கவே இல்லை, நானும் அக்கா பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் அவனுடையதைப் பிப்ரவரி வரைக்கும் பார்க்கவில்லை. பட்டியல் வந்த பிறகும் தொடர் திருத்தம் என்று நடந்துகொண்டேதான் இருக்கும். மறுபடி 6 கொடுத்தோம். இந்தத் தடவை பி.எல்.ஓ.வுக்கு போன் செய்து எந்த நாள் வருவார் என்று கேட்டு அவனை ஹாஸ்டலில் இருந்து வரச் சொன்னோம்.

மார்ச் 16இல் தேர்தலை அறிவித்தார்கள். வேட்புமனுக் கடைசி நாள் 27, அதற்குப் பத்து நாள் முன்னால், அதாவது 17ஆம் தேதி வரை வந்த மனுக்களைத்தான் இந்தத் தேர்தலுக்கு எடுத்துக்கொண்டார்கள். அறிவிப்பு வந்த பிறகு பெயர் சேர்க்க ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அந்த வாரம் என் கடைக்கு வந்த ஏழெட்டுப் பேரை ஒன்றும் செய்ய முடியாமல் திருப்பி அனுப்பினேன். பையன் பெயர் துணைப் பட்டியலில் வந்துவிட்டது.

ஆச்சியின் ஓட்டு

85 வயதுக்கு மேற்பட்டவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். 2024 தேர்தலுக்குத்தான் 80 என்று இருந்ததை 85 ஆக்கினார்கள். அதற்குப் படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும், எங்களுக்கு அறிவிக்கை மார்ச் 20. கொடுத்துவிட்டால் பட்டியலில் குறித்துவிடுவார்கள், அப்புறம் பூத்துக்கு வந்து போட முடியாது.

பி.எல்.ஓ. படிவத்தோடு வந்தார். ஆச்சி மறுத்துவிட்டார். "காலு நல்லா இருக்கையில வீட்டுல வச்சி என்னத்துக்கு? நான் போயிதான் போடுவேன்." அவர் அப்போது கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் தானே நடந்து போய்க்கொண்டிருந்தார், நாங்களும் வற்புறுத்தவில்லை. ஏப்ரல் முதல் வாரம் அடிபம்பு பக்கத்தில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் கால் ஊன்ற முடியவில்லை. கேட்டுப் பார்த்தோம், 12டி நேரம் முடிந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

2024 ஏப்ரல் 19

வெள்ளிக்கிழமை. கணவர் வியாழன் ராத்திரி சென்னையில் பஸ் ஏறிக் காலையில் வந்து இறங்கினார். அக்கா ஆறே முக்காலுக்கே வரிசையில். இந்தத் தடவை சிலிப் வந்திருந்தது, ஆனாலும் பாக எண்ணும் வரிசை எண்ணும் ஒரு தாளில் எழுதித் தனியாகவும் வைத்திருந்தார். முதல் அலுவலர் பெயரைச் சத்தமாக வாசித்தபோது ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த அந்த அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினாராம். மையை வைக்கும்போது அலுவலர் விரலைத் துடைத்துவிட்டுத்தான் வைத்தார், புகையிலைக் கறை அவ்வளவு. வெளியே வந்து என் கடைக்குத்தான் முதலில் வந்தார். ஒன்றும் சொல்லவில்லை, விரலை மட்டும் நீட்டினார்.

பத்து மணி வாக்கில் ஆச்சியை ஆட்டோவில் கொண்டு போனோம். பூத்தில் சக்கர நாற்காலி இருந்தது. கண் தெரியாதவர்களும் தானாகப் பட்டனை அழுத்த முடியாத அளவுக்கு இயலாதவர்களும் 18 வயது முடிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம், அந்தத் துணை ஒரு நாளில் ஒருவருக்குத்தான் துணையாகப் போக முடியும். பேரன் கூடப் போகத் தயாராக நின்றான். ஆச்சி விடவில்லை. கண் தெரிகிறது, கை நீள்கிறது, பிறகு எதற்கு என்று கேட்டுவிட்டார். மறைப்பு வரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு அவன் பின்னால் வந்து நின்றான். பட்டனை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் சின்னம் போட்ட சீட்டு ஏழு நொடி தெரிந்து விழும். ஆச்சி விழுந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம், பீப் சத்தம் அவருக்குக் கேட்காது அல்லவா. அதற்கப்புறம்தான் பேரன் தன் முதல் ஓட்டைப் போட்டான்.

ஒரு ஓட்டுக்கு இவ்வளவு அலைச்சலா என்று இந்த இடைவெளியில் பல பேர் கேட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் அந்தக் கேள்வி கேட்கக் கூடாது. 2016இல் ராதாபுரத்தில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இடையில் வித்தியாசம் 49 ஓட்டு. தள்ளுபடியான தபால் ஓட்டுகளை எண்ண வேண்டும் என்று வழக்கு ஐகோர்ட்டு வரை போய் 2019இல் மறு எண்ணிக்கை வரை வந்தது.

இன்னொரு தடவை என்றால்

2021இல் சிலிப் வராத அன்றே பார்த்திருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். அதுவும் தாமதம்தான், அப்போது வேட்புமனு நாள் தாண்டியிருக்கும். ஆண்டுதோறும் வரைவுப் பட்டியல் வருகிற மாதத்தில், கார்டு கையில் இருந்தாலும், பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும். கார்டு இருப்பதும் ஓட்டு இருப்பதும் ஒன்றல்ல. இதை ஊரில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பட்டியலில் பெயர் இருந்து கார்டு தொலைந்துபோனால்கூட ஆதார், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், படம் ஒட்டிய பேங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என்று ஏதாவது ஒன்றைக் காட்டிப் போட்டுவிடலாம். கார்டு பத்திரமாக இருந்து பெயர் இல்லை என்றால் வழியே கிடையாது. அக்கா அந்தக் கார்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் பதினைந்து வருடம் பாதுகாத்தவர்.

யாரிடமும் ஜெராக்ஸை மட்டும் கொடுத்துவிட்டு நம்பி இருக்க விடமாட்டேன். படிவம், கையெழுத்து, ஒப்புகை எண், இந்த மூன்றும் நடந்தால்தான் மனுக் கொடுத்ததாகக் கணக்கு. மனுவில் எழுதுகிற போன் நம்பர் பகலில் எடுக்கக்கூடிய ஆளுடையதாக இருக்க வேண்டும் என்று இப்போது கட்டாயமாகச் சொல்கிறேன். 12டி விஷயத்தில், 85 தாண்டியவர்களுக்கு இன்றைக்கு நடக்கிறார்களா என்று பார்க்காமல் வீட்டு ஓட்டையே சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஆச்சி மாதிரி ஆட்களிடம் அதைச் சொல்லி ஜெயிக்க முடியுமா என்று தெரியவில்லை, அவருக்குப் பூத்துக்குப் போவதே ஓட்டில் பாதி.

அதிகாரிகளிடம் கேட்க ஒன்று உண்டு. இறப்பு என்று நீக்கும்போது பெயரை மட்டும் பார்க்காமல் கார்டு எண்ணையும் கணவர் அல்லது தகப்பனார் பெயரையும் பார்த்து, அந்த வீட்டில் ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். தெருவுக்கு நாலு இசக்கியம்மாள் இருக்கிற ஊரில் இது இரண்டு நிமிட வேலை.

2025 டிசம்பர்

சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று நவம்பர் 4இல் ஆரம்பித்து வீடு வீடாகக் கணக்கீட்டுப் படிவம் கொடுத்தார்கள். அக்கா தனக்கும் ஆச்சிக்கும் எழுதி, சென்னையில் இருக்கிற கணவருக்கும் குடும்ப உறுப்பினர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டு, மூன்றின் நகலையும் பி.எல்.ஓ. கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொண்டார். மகன் தானே எழுதிக் கொடுத்தான். டிசம்பர் 19இல் வரைவுப் பட்டியல் வந்தபோது தமிழ்நாடு முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர் இல்லை. அன்று சாயங்காலம் கடை வாசலில் கூட்டம். அக்காவும் வந்து நின்றார், கையில் 2021 பட்டியலின் அந்த இரண்டு பக்கம் முதல் புதுக் கார்டு வரை எல்லாம் போட்ட ஒரு பிளாஸ்டிக் பை.

பெயர் இருந்தது, நாலு பேருக்கும். வரிசை எண் மட்டும் மாறியிருந்தது. புது எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், அடுக்களைக் கதவின் உள்பக்கம், கேஸ் புக் செய்கிற நம்பருக்குக் கீழே, பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் புதியதைச் சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறார்.